சாமிக்கு நேரே கால் நீட்டக் கூடாது

சேகர்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. அடுத்த அறையில்தான் இருக்கிறாய். நேற்று சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சொல்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறாய். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். காலையில் சொன்னால் "பேங்க்குக்கு லேட் ஆச்சுப்பா" என்கிறாய். ராத்திரி சொன்னால் "டயர்டா இருக்குப்பா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பிடிக்கலாமென்றால் உன் நடைப்பயிற்சியாளர் சங்கக் கூட்டம். சங்கத்துக்கு எதுவும் சொல்ல வேண்டுமானால் செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று பூங்கா வாசலில் நீங்களே எழுதிப் போட்டிருக்கிறீர்கள். செயலாளர் நீதானே? சரி, எழுத்து மூலமாகவே தெரிவிக்கிறேன். ஒரு பிரதியை உன் டிபன் கேரியருக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னொன்றைப் பூங்காவின் அறிவிப்புப் பலகையில், நீ கையெழுத்துப் போட்ட அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். மானம் போகிறது என்று குதிக்காதே. உன் அறிவிப்பால் உன் மகளின் தாடையில் தையல் விழுந்திருக்கிறது, அதைவிட மானம் போக இதில் ஒன்றுமில்லை. உங்கள் ஆட்களும் நின்று படிக்கட்டும். ஐந்து நிமிஷம் நடக்காவிட்டால் யாருக்கும் சர்க்கரை ஏறிவிடாது.

முதலில் அந்த யானையைப் பற்றி உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. தி. நகரில் இந்த வீட்டை நாங்கள் வாடகைக்குப் பார்க்க வந்தபோது நீ கைக்குழந்தை. உன் அம்மா சமையலறையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலைத் திறந்தாள், தெருக்கோடியில் பூங்கா தெரிந்தது, பூங்காவுக்குள் சிமெண்டில் செய்த யானை தெரிந்தது. வால் பக்கம் படி. முதுகில் ஏறி உட்கார்ந்தால் தும்பிக்கை வழியாகச் சறுக்கி மணலில் போய் விழலாம். "இந்த வீடே இருக்கட்டுங்க, இவன் பாட்டுக்கு அங்க விளையாடிட்டுக் கிடப்பான்" என்றாள். சொட்டுத் தண்ணீர் மேலே ஏறாத வீடு. இத்தனை வருஷமாகக் கீழே அடிபம்பில் அடித்து மாடிக்குத் தூக்கி என் தோள்பட்டை போனதற்கு அந்த யானைதான் காரணம். வேறு எந்தத் தெருவுக்கும் போகலாம் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். உன் அம்மா ஜன்னலைக் காட்டுவாள், நான் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்குவேன்.

அந்த யானை மேல் நீ முதல் முறை ஏறிய சாயங்காலம் உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. எனக்கு இருக்கிறது. ஏறும்போது வீராதி வீரனாக ஏறினாய். மேலே போய் உட்கார்ந்து கீழே பார்த்ததும் முகம் கோணிவிட்டது. இறங்கவும் மாட்டேன், திரும்பவும் மாட்டேன் என்று யானையின் காதைப் பிடித்துக்கொண்டு அலறினாய். உனக்குப் பின்னால் படி நெடுகப் பிள்ளைகள் நின்று கத்துகிறார்கள். நான் ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தேன், புதிதாகத் தைத்த டெரிலின் பேண்ட் போட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அந்தப் பிள்ளைகளையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு நானும் ஏறினேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டு தும்பிக்கையில் உட்கார்ந்தால் நகரவே இல்லை. பின்னால் நின்ற ஒரு பொடிப் பெண், "அங்கிள், கால நீட்டுங்க, கால நீட்டினாத்தான் போகும்" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தது. நீட்டினேன். உன் காலையும் பிடித்து நீட்டிவிட்டேன். சர்ரென்று போய் இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். நீ எழுந்து மணலைக்கூடத் தட்டாமல் "இன்னொரு வாட்டிப்பா" என்றாய். பேண்ட்டின் பின்பக்கம் கிழிந்திருந்ததை வீட்டுக்கு வந்தபிறகு உன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருமுழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் உன்னை அந்த யானையிலிருந்து இறக்குவதுதான் பெரும் பாடாகிவிட்டது. தும்பிக்கையில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வேகமாகச் சறுக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, வீட்டிலிருந்த மெழுகுவத்தியையெல்லாம் தீர்த்துவிட்டாய். கரண்ட் போன அன்று உன் அம்மா இருட்டில் அலமாரியைத் துழாவிக்கொண்டு உன்னைத் திட்டிய திட்டு எதிர்வீட்டுக்குக் கேட்டது. கல்லா மண்ணா, ஐஸ் பாய், பாண்டி, எதை ஆடினாலும் ஓடி வந்து தொடுகிற தாச்சி அந்த யானைக் கால்தான். வரிசையில் முந்தினால் அடி விழும், அடித்தவனோடு மறுநாளும் ஆடியாக வேண்டும் என்பதை நீ பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, அங்கே கற்றாய். உன்னை ஆளாக்கியது நான் மட்டுமே என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. பாதி வேலையை அந்த மணல்மேடு செய்தது.

இப்போது பிள்ளையார் கதைக்கு வருகிறேன். பிள்ளையார் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விளக்கேற்றாமல் இந்த வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை போனதில்லை. வருத்தமெல்லாம் உன்மேல்தான். பூங்காவின் பின்சுவரை ஒட்டி அந்தக் கல்யாண மண்டபம் வந்ததே, அன்றைக்கு ஆரம்பித்தது வினை. முகூர்த்த நாள் வந்தால் எச்சில் இலையை மூட்டை மூட்டையாகச் சுவருக்கு மேலே இந்தப் பக்கம் எறிந்தார்கள். யானையின் தும்பிக்கை முடிகிற மூலையில் இலையும் பாயசமும் அப்பளமும் மலையாகக் கிடந்தன. மாடு வந்தது, நாய் வந்தது, குழந்தைகளால் மூக்கைப் பிடிக்காமல் சறுக்க முடியவில்லை. மண்டபத்து மானேஜரிடம் போய்க் கத்தினோம். "இனிமே நடக்காது சார்" என்று கும்பிடு போட்டு அனுப்புவார், அடுத்த முகூர்த்தத்துக்கு இலை வந்துவிடும். அப்போதுதான் உனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. உனக்குக் கல்யாணமாகாத சமயம், சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூருக்குப் போய் ஒரு சாண் உயரக் கல் பிள்ளையாரை வாங்கி ஸ்கூட்டரில் கொண்டுவந்து, அந்த மூலை வேப்பமரத்தடியில் நாலு செங்கல்லை அடுக்கி உட்கார்த்தி வைத்தாய். சாமி இருக்கிற இடத்தில் எவன் எச்சில் இலை போடுவான்?

போடவில்லைதான். அந்த வார முகூர்த்தத்துக்கே இலை நின்றுவிட்டது. தெருவே உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நானும்தான் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தொன்னை வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளையார் அந்தச் செங்கல்லோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மழையில் நனைகிறாரே என்று யாரோ சொல்லத் தகரக்கூரை போட்டீர்கள். கூரை வந்ததும் மேடை வந்தது. மேடை வந்ததும் திருடு போய்விடுமே என்று கம்பிக்கதவு வந்தது. ஊஞ்சலின் சங்கிலி அறுந்து ரொம்ப நாளாக வெறும் கம்பம் நின்றுகொண்டிருந்தது. புதுச் சங்கிலி மாட்டுவீர்கள் என்று பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்க, நீங்கள் அதில் மணியைக் கட்டினீர்கள். சுற்றி வர வழி வேண்டுமென்று மணலை வாரிவிட்டுத் தளக்கல் பாவினீர்கள். சீசா காலில் இடிக்கிறது என்று கழற்றிச் சுவரோரம் சாய்த்தீர்கள், ஒருநாள் அது சுவரோரத்திலிருந்தும் காணாமல் போயிற்று. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ சொன்னது ஒன்றேதான். "சின்ன விஷயம்ப்பா, பசங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க." பண்ணிக்கொண்டார்கள். ஊஞ்சல் போனால் சீசா, சீசா போனால் மணல், மணல் போனால் யானை. கடைசியில் அந்த ஒரு யானை மேல் தெருப்பிள்ளைகள் மொத்தமும் ஏறினார்கள்.

இதற்கு நடுவில் நடைப்பயிற்சியாளர் சங்கம் வேறு. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது. நடைபாதை போட்டது நல்ல காரியம், நானே மூட்டுவலியோடு அதில்தான் நடக்கிறேன். ஆனால் பந்து ஆடாதே, புல்லில் கால் வைக்காதே, சத்தம் போடாதே என்று திரும்பின பக்கமெல்லாம் பலகை நட்டது எதற்கு? விடியற்காலையில் நீங்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கிக்கொண்டு ஹாஹா ஹாஹா என்று சிரிக்கிறீர்களே, ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம், அந்தச் சத்தத்தில் தெருநாயெல்லாம் ஊளையிடுகிறது. அது உடற்பயிற்சி. எதிர்வீட்டுப் பிள்ளை ஐஸ் பாய் ஆடும்போது வாய்விட்டுச் சிரித்தால் அது தொந்தரவு. இதைச் சொன்னதற்கு உங்கள் தலைவர் என்னிடம், "சார், ஒரு டிசிப்ளின் வேணுமில்ல சார்?" என்றார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

போன மாதக் கூட்டத்தில் அவர்தான் அந்த அபூர்வக் கண்டுபிடிப்பைச் செய்தார். பிள்ளையார் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யானையின் தும்பிக்கை மேற்கே பார்த்து இறங்குகிறது. ஆகவே சறுக்குகிற ஒவ்வொரு குழந்தையின் காலும் சாமிக்கு நேரே நீள்கிறது! இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாத அபசாரம் திடீரென்று எல்லார் கண்ணிலும் பட்டது. திரும்பி உட்கார்ந்து சறுக்கலாமே என்றார் ஒருவர். சாமிக்கு முதுகைக் காட்டுவதா என்றார் இன்னொருவர். படித்தவர்கள், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒரு மணி நேரம் இதை விவாதித்தீர்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எழுந்து ஏதாவது சொல்வாய் என்று பார்த்தேன், அந்தத் தும்பிக்கையில் எத்தனை டவுசரைத் தேய்த்தவன் நீ. வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். மறுநாள் பலகையில் உன் கையெழுத்தோடு அறிவிப்பு. சிறுவர்கள் சாமிக்கு நேரே காலை நீட்டியோ முதுகைக் காட்டியோ சறுக்கக் கூடாது. வீட்டில் கேட்டதற்கு, "சும்மா ஒரு நோட்டீஸ்தானேப்பா, எந்தப் பசங்க அதையெல்லாம் படிக்கப் போறாங்க?" என்று சிரித்தாய்.

உன் மகள் படித்தாள். ஒன்றாம் வகுப்பில் போன மாதம்தான் எழுத்துக் கூட்டப் பழகியிருக்கிறாள். கடைப்பெயர், பஸ் போர்டு, சோப்பு உறை என்று எதைக் கண்டாலும் நின்று படிக்கிற குழந்தை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "கீழ அப்பா பேரு போட்டிருக்கு தாத்தா" என்று பெருமையாகக் காட்டினாள். அப்புறம் யோசித்துக்கொண்டே யானைக்குப் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் தும்பிக்கையின் உச்சியில் குப்புறப் படுத்திருந்தாள். கால் பின்னால், தலை முன்னால், இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பியபடி. நான் "நித்யா!" என்று கத்துவதற்குள் வந்துவிட்டாள். கீழே மணல் இல்லையே, நீங்கள் பாவிய தளக்கல்தான் இருக்கிறது. தாடை நேராக அதில் மோதியது.

வாசலில் பூ விற்கிற தனம்தான் முதலில் ஓடி வந்தாள். பூ மூடுகிற ஈரத்துணியை அப்படியே தாடையில் வைத்து அழுத்திக்கொண்டு, "இன்னா சார், பார்த்துக்கினு இருக்கக்கூடாதா? கொயந்தைக்கு ரத்தம் ஊத்துது சார்" என்று என்னைத்தான் திட்டினாள். தெருமுனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் சட்டையெல்லாம் ரத்தம். தையல் போடும்போது குழந்தை அழவில்லை. டாக்டர் "ஏம்மா இப்படித் தலைகீழாச் சறுக்கினே?" என்றார். "கால் நீட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாதுன்னு அப்பா எழுதியிருக்காங்க" என்று தெளிவாகச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். நீ எழுதியதை அந்தத் தெருவில் அப்படியே பின்பற்றிய ஒரே ஆள் அவள்தான், சேகர்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. குழந்தைக்கு அடிபட்டதும் அறிவிப்பைக் கிழிப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் தலைவர் அவசரக் கூட்டம் போட்டு, யானை ஆபத்தானது என்று தீர்மானித்தார். அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பிள்ளையாருக்கு மண்டபம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்யலாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார் என்று நீயே வந்து சாப்பாட்டு மேஜையில் சொன்னாய். உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யானையை இடிச்சுட்டு யானைமுகத்தானுக்கு மண்டபமாடா? அவரே கேட்டா சிரிப்பாருடா" என்றாள். உன் பெண்டாட்டி மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் உன்னிடம் சொல்லிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நீ என்ன சொன்னாய்? "பாப்பாவுக்கு பாண்டி பஜார்ல ஒரு பிளாஸ்டிக் சறுக்கு மரம் வாங்கி ஹால்ல போட்டுடலாம்மா. கேபிள்ல கார்ட்டூன் வேற வருது. வெயில்ல ஏன் அலையணும்?" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் மோரை ஊற்றாமலே எழுந்துவிட்டேன். ஒரு குழந்தை ஹாலில் பிளாஸ்டிக் மேல் யாரோடு வரிசையில் நிற்கும்? யாரோடு சண்டை போடும்? தனத்தின் பிள்ளைக்கும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் எந்த ஹாலில் எதை வாங்கிப் போடுவாய்?

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை நீ கவனித்திருக்க மாட்டாய், நீ வருவதற்குள் அவள் தூங்கிவிடுகிறாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து நித்யா காலை நீட்டுவதில்லை. டிவி பார்க்கும்போது சோபாவில் காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். முந்தாநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் கட்டிலில் படுத்தவள், "தாத்தா, இந்தப் பக்கம் சாமி இருக்கா?" என்று கேட்டாள். வடக்குச் சுவரில் முருகன் காலண்டர். தெற்கே பூஜை அலமாரி. கிழக்கே உன் அம்மா ஒட்டிய ஆஞ்சநேயர். மேற்கே ஜன்னல்தானே என்று காட்டினேன். எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பூங்கா தெரிந்தது. முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். "பிள்ளையாருக்கு உன்மேல கோபமெல்லாம் இல்லடா கண்ணு" என்றேன். "அப்ப ஏன் தாத்தா ரத்தம் வந்துச்சு?" என்றாள். நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்னவன். தாடை கல்லில் மோதியதால் வந்தது என்றேன். சொன்னாலும் எடுபடவில்லை. பலகையில் போட்டிருப்பது தாத்தா பெயர் இல்லையே.

எனக்கு அழுகை வந்தது என்று இந்தப் பலகையைப் படிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். வந்ததுதான்.

கோபத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காராமல் நேற்று காலை குருக்களைப் பார்க்கப் போனேன். தினமும் சைக்கிளில் வந்து பிள்ளையாருக்குப் பூஜை செய்கிறவர் அவர்தானே. அவரை நீங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நான் விஷயத்தைச் சொன்னதும், "இன்னும் கும்பாபிஷேகமே ஆகலையே மாமா. இப்போ பேஷா நகர்த்தலாம். மண்டபத்தைக் கட்டி, பீடத்தோட ஒட்டறதுக்கு மருந்து சாத்தி, கும்பாபிஷேகமும் பண்ணிட்டேள்னா அப்புறம் அவரை அசைக்கறது கஷ்டம்" என்றார். எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். "வாசலண்டை வைங்கோளேன். கிழக்கு பார்த்த வாசல், ரோட்டைப் பார்த்துண்டு உக்காருவார். போறவா வரவா எல்லாம் கும்பிட்டுண்டு போவா. எனக்கும் சைக்கிளை உள்ளே தள்ளிண்டு வர வேண்டாம்" என்றார். இவ்வளவுதான் சங்கதி. வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் யார் காலும் அவரை நோக்கி நீளப் போவதில்லை. யானை இருந்த இடத்தில் இருக்கும். பின்மூலையில் இலை விழுமே என்று ஆரம்பிக்காதே. கல்யாண மண்டபத்துக்காரர்கள் வண்டி வைத்து அள்ள ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிறது.

வெளியே வரும்போது தனத்திடமும் கேட்டேன். அவள் பிழைப்பு அந்தப் பிள்ளையாரை நம்பித்தான் நடக்கிறது, அவளுக்கு இதில் நஷ்டம் வரக்கூடாது. "சாமி வாசாண்ட வந்தா எனக்கு நல்லதுதான் சார், யாவாரம் இன்னும் சூடா போவும்" என்றாள். பிறகு பூவைக் கட்டிக்கொண்டே, "எம் புள்ள நாலு நாளா வூட்லயே குந்திகினு கீறான் சார். வா நைனா, ஆட இட்டுகினு போறேன்னா, எங்க போய் ஆடறதுன்னு என்னியே கேக்கறான்" என்றாள். யானையைச் சுற்றி நீங்கள் இப்போதே கயிறு கட்டிவிட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அந்தப் பையன் கயிற்றுக்கு வெளியே நின்று யானையைப் பார்ப்பதை நடக்கிறவர்கள் தினமும் தாண்டித்தான் போகிறார்கள்.

அப்பா புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று நீ கண்ணை மூடிக்கொள்வாய். மூடிக்கொண்டே கேள். பெரியவர்கள் கூடி எதையாவது தீர்மானிக்கும்போது, அந்த இடத்தில் பேச வாயில்லாத ஒருவர் இருந்தால் அவருக்காக நீ ஒரு வார்த்தை பேச வேண்டும். பூங்காவில் அப்படி வாயில்லாதவர்கள் குழந்தைகள்தான். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் போடத் தெரியாது. இடத்தைப் பிடுங்கினால் கொஞ்சம் தள்ளி நின்று ஆடுவார்கள், இன்னும் பிடுங்கினால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சண்டைக்கு வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் இத்தனையும் நடந்தது. நீ கெட்டவன் இல்லை, அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன் நீ. தலைவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் உன் மகளுக்கு இல்லை என்று எழுதிவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் எட்டு மணிக்கு வருவார் என்றாய். அதற்கு முன்னால் உங்கள் சிரிப்புக் கூட்டம் முடிந்து எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். நீ கூட்டத்தில் பேச வேண்டாம், உனக்கு அது வராது. குருக்கள் வருகிறேன் என்றிருக்கிறார், பிள்ளையாரை வாசலுக்குக் கொண்டுவருவது பற்றி அவரே பேசிக்கொள்வார். நீ நித்யாவைக் கூட்டிக்கொண்டு வா. அவள் வரமாட்டேன் என்பாள், தூக்கிக்கொண்டு வா. அந்தக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு வால் பக்கமாக ஏறு. அவளை மடியில் வைத்துக்கொண்டு தும்பிக்கையில் உட்கார். உங்கள் தலைவர் பார்க்கட்டும், தெரு பார்க்கட்டும், பிள்ளையாரும் பார்க்கட்டும், அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே தளக்கல்லின்மேல் நம் வீட்டு மெத்தையைப் போட்டு வைக்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன். நல்ல பேண்ட் எதையும் போட்டுக்கொண்டு வராதே. அவள் காலை மடக்குவாள், மெதுவாகப் பிடித்து நீட்டிவிடு. முதலில் உன் காலை நீட்டு.

அப்பா